டிராக்டரும் பொது ரஸ்தாவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும், அங்கிருந்து நரிக்குடிக்கும் செல்லும் ரஸ்தாக்களில் அந்தி சாய்ந்த பின் பிரயாணம் செய்தவர்கள் நாம் சொல்லப் போவதை உடனே ஒப்புக்கொள்வார்கள். இருபுறமும் சீமைக் கருவேல் முள் வளர்ந்து ரஸ்தாவின் விளிம்பை மறைத்து நிற்கிறது. எதிரே ஒரு லாரி விளக்கைத் தாழ்த்தாமல் வருகிறது. கண் கூசி ஒரு கணம் தடுமாறி, மறு கணம் முன்னே பார்த்தால், பத்து கஜ தூரத்தில் கரிய மலைபோல் ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது. அது விறகு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். அதன் பின்புறம் விளக்கு இல்லை. ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்புச் சில்லும் இல்லை. கட்டையின் நுனிகள் டிரெய்லருக்கு வெளியே இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் வருகிறவன் பிழைப்பதும் பிழைக்காததும் அவனுடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்று விட்டுவிடுவதுதான் இந்த ஜில்லாவில் இப்போதுள்ள ரஸ்தா நிர்வாகம்.

நாம் டிராக்டருக்கு விரோதிகள் அல்ல. அப்படி யாராவது நினைத்தால் அவர்கள் கரிசல் காட்டை அறியாதவர்கள். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் நான்கு நாள் ஈரத்துக்குள் உழுது விதைத்தாக வேண்டும். ஐந்தாம் நாள் மண் இறுகிவிடும். அந்த நான்கு நாளில் ஊர் முழுவதையும் உழுவதற்கு இன்று எந்தச் சம்சாரியிடமும் ஜோடி மாடுகள் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வரும் டிராக்டர் இல்லாவிட்டால் பருத்தியும் மிளகாயும் மல்லியும் குதிரைவாலியும் இந்தச் சீமையில் இல்லை. குடிதண்ணீர் வராத கோடையில் ஊர் ஊராய் டாங்கியை இழுத்து வருவதும் அதுவே. கண்மாயிலிருந்து வண்டல் அள்ளி வருவதும், கரிமூட்டத்துக்கு விறகு கொண்டு போவதும், பஞ்சு மூட்டையை வியாபாரியிடம் சேர்ப்பதும் அதுவே. இந்தியாவில் முதல் டிராக்டரை ஐஷர் கம்பெனியார் 1959இல் பரீதாபாத்தில் உருவாக்கினார்கள். மறு ஆண்டு சென்னையில் டாபே கம்பெனி தோன்றிற்று. இன்று உலகத்திலேயே அதிக டிராக்டர்களைச் செய்யும் தேசம் நம்முடையது. நம் பக்கத்து மதுரை ஜில்லாவின் கல்லுப்பட்டியிலேயே தொழிற்சாலை இருக்கிறது. இது நமக்குப் பெருமைதான்.

ஆனால் டிராக்டர் என்பது வயலுக்காகச் செய்யப்பட்ட யந்திரம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே அதைத் தானாகப் பாரம் சுமப்பதற்கென அமைக்கப்படாத வண்டி என்று வர்ணிக்கிறது. அதன் பிரேக்கைப் பாருங்கள். இடது பின் சக்கரத்துக்கு ஒரு மிதி, வலது பின் சக்கரத்துக்கு ஒரு மிதி. உழவுசாலின் முடிவில் சட்டென்று திரும்புவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பது வசதி. ரஸ்தாவுக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் கொக்கியால் பூட்டி ஒன்றாக்க வேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்று கவிழும். இந்தக் கொக்கி எதற்காக இருக்கிறது என்று ஊரிலுள்ள டிராக்டர்காரர்களைக் கேட்டுப் பார்த்தோம். தெரிந்தவர்கள் சிலர், தெரிந்தும் பூட்டுகிறவர்கள் அதிலும் சிலர். பின்னால் இழுக்கும் டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. கண்மாய்க் கரை வளைவில் நாலு டன் மண்ணுடன் இறங்கும் டிரெய்லர், முன்னே போகும் டிராக்டரைத் தள்ளுமா, டிராக்டர் அதை நிறுத்துமா என்பது சரளைக் கல்லின் கருணையில் இருக்கிறது.

ஆகையால், வயல் வண்டி பொது ரஸ்தாவுக்கு வருகிறபோது அதற்கென்று உள்ளூர் நிலைமைக்கு ஏற்ற விதிகள் இருக்க வேண்டும் என்பது நமது கட்சி. விதிகளே இல்லையா என்று கேட்கலாம். ஏராளமாக இருக்கின்றன. லைசென்ஸ் வேண்டும், ரிஜிஸ்தர் செய்ய வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், டிரெய்லரின் பின்னால் சிவப்புச் சில்லுகள் வேண்டும், காற்றடைத்த டயரில் ஓட வேண்டும், டிராக்டர் மீது ஓட்டுகிறவனைத் தவிர வேறு ஆளை ஏற்றக் கூடாது. இவையெல்லாம் டில்லியிலும் சென்னையிலும் அச்சாகியிருக்கின்றன. திருச்சுழித் தாலுகாவில் இவற்றுள் எது நடைமுறையில் இருக்கிறது? வருஷக் கடைசியில் கேஸ் கணக்கு குறைந்துவிட்டால் நாலு நாள் நாற்சந்தியில் நின்று அபராதம் வசூலிப்பது மட்டுமே நடைமுறையில் இருக்கிறது. அந்த நாலு நாளும் டிராக்டர்காரர்கள் காட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

இவற்றில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

களை எடுக்கவும், பருத்தி எடுக்கவும், மிளகாய்ப் பழம் பறிக்கவும் பெண்கள் காலை ஐந்தரை மணிக்கு ஊர் மந்தையில் கூடுகிறார்கள். தூக்குச் சட்டியில் கஞ்சியுடன் இருபது, முப்பது பேர் ஒரே டிரெய்லரில் நின்றுகொண்டு எட்டு மைல், பத்து மைல் போகிறார்கள். பிடித்துக்கொள்ளப் பக்கப் பலகையின் விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மாலையில் அதேபோல் திரும்புகிறார்கள். குலதெய்வக் கோவில் பொங்கல், காதுகுத்து, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே வாகனம். உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபர் 1ஆம் தேதி கான்பூரை அடுத்த காட்டம்பூர் பகுதியில் கோவிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 25க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24ஆம் தேதி அதே மாகாணத்துக் காஸ்கஞ்சில் கங்கை ஸ்நானத்துக்குப் புறப்பட்ட மற்றொரு டிரெய்லர் அதேபோல் குளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகு அந்த மாகாண முதல் மந்திரி டிரெய்லர்களில் ஆள் ஏற்ற வேண்டாம் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அப்படியிருந்தும் இரண்டாவது விபத்து நேர்ந்தது. வேண்டுகோள் செய்தவர் வேறு வண்டி கொடுத்தாரா என்பதே நமது சந்தேகம்.

விபத்துக்குப் பின் நடப்பது இன்னும் கொடுமை. சம்சாரி தம் டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறார். ரசீது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கூலிப் பெண் டிரெய்லரிலிருந்து விழுந்து இறந்தால் கம்பெனி பணம் கொடுத்துவிடும் என்று அவர் நம்புகிறார். இறந்தவளின் புருஷனும் நம்புகிறான். கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பத்திரத்தின் வாசகம் இருவருக்கும் தெரிகிறது. விவசாய உபயோகத்துக்கென்று எடுத்த பாலிசி. டிரெய்லருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டவில்லை. ஆள் ஏற்ற அனுமதி இல்லை. 2007ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்த பிரிஜ் மோகன் வழக்கு இதற்கு நல்ல திருஷ்டாந்தம். செங்கல் சூளைக்கு மண் வெட்டப் போன கூலி ஒருவர் டிராக்டரில் இணைத்த டிரெய்லரிலிருந்து விழுந்து கடுங்காயம் அடைந்தார். கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்றே கோர்ட் முடிவு செய்தது. ஆனால் அவர் ஏழை, காயம் பெரிது என்பதைக் கருதி, அரசியல் சட்டத்தின் 142ஆவது ஷரத்துப்படி தனக்குள்ள விசேஷ அதிகாரத்தைக் கொண்டு, கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. டில்லி வரை போக முடிந்த ஒருவருக்குக் கிடைத்த கருணை அது. நரிக்குடிப் பக்கத்துக் கூலிப் பெண்ணின் குடும்பம் டில்லிக்குப் போகுமா? போய் வென்றாலும், வசூல் யாரிடம்? ஐந்து ஏக்கர் மானாவாரியும் பாங்கிக் கடனில் வாங்கிய டிராக்டரும் உள்ள சம்சாரியிடம். ஒரு வீட்டில் பிணம் விழுந்ததற்கு இன்னொரு வீட்டில் ஜப்தி. லாபம் அடைந்தவர் யாரும் இல்லை. வண்டியில் பாரம் ஏற்றி இறக்கும் கூலிகளைப் பற்றிச் சட்டத்தில் வேறு சில நுட்பங்கள் உண்டு; அவற்றை இங்கே விரிக்கவில்லை. வக்கீல் தொழிலில் இருந்தவர்கள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லலாம்: டிராக்டர் சம்பந்தமான வழக்குகளில் கட்சிக்காரர்கள் இரு தரப்பிலும் ஏழைகளாக இருப்பதே வழக்கம்.

லைசென்ஸ் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் சம்சாரிகளுக்கு அனுகூலமாகவே இருந்து வந்திருக்கிறது. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் உள்ளவன், பின்னால் டிரெய்லர் பூட்டியதாலேயே லைசென்ஸ் இல்லாதவன் ஆகிவிட மாட்டான் என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் சொல்லிற்று. இலகு ரக வாகன லைசென்ஸே 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டிகளுக்கும் போதும் என்று 2017இல் சொன்னதை, ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு 2024 நவம்பர் 6ஆம் தேதி உறுதி செய்தது. ஆனால் டிரெய்லரில் சரக்கு ஏற்றினால் அந்த ஜோடி சரக்கு வண்டியே ஆகும் என்று 2005இல் அதே கோர்ட் கூறியிருப்பதையும் மறக்கக் கூடாது. வயலுக்கு எரு கொண்டு போகிறவரும், செங்கல் சூளைக்கு மாதச் சம்பளம் பேசி மண் அடிக்கிறவரும் வரியிலும் பாலிசியிலும் ஒரே பெயரில் ஒளிந்துகொள்வது நியாயமல்ல. பின்னவர் விவசாயி என்ற போர்வையை உதறிவிட்டு உரிய வரியையும் பிரீமியத்தையும் கட்டட்டும்.

டிரெய்லரில் ஆள் ஏற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லுவது சுலபம். நாமும் அதையே சொல்லுகிறோம். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு அந்தப் பெண்கள் எதில் போவது என்பதற்குப் பதில் சொல்லாத உத்தரவு, உத்தரவே அல்ல. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சென்னை சர்க்கார் அறிவித்தபோது நாடு முழுவதும் பாராட்டிற்று, நாமும் பாராட்டினோம். டிக்கெட் இலவசமாகிவிட்டது, பஸ்தான் இல்லை. உட்கிராமத்துக்கு முதல் பஸ் எட்டு மணிக்கு மேல் வந்தால், ஆறு மணிக்குக் காட்டில் இறங்க வேண்டியவளுக்கு அந்த இலவசத்தால் என்ன பயன்? பறிப்புக் காலமான இரண்டு, மூன்று மாதத்துக்காவது விடியற்காலை ஒரு நடை, பொழுது சாயும் நேரம் ஒரு நடை என்று போக்குவரத்துக் கழகத்தார் விட முன்வர வேண்டும். அதுவும் முடியாதென்றால், ஆள் ஏற்றுவதற்கென்றே பதிவு செய்த சிறு வேன்களை ஊர்ப் பெண்கள் சுய உதவிக் குழுவினர் நடத்த அனுமதி கொடுக்கட்டும். மாற்று ஏற்பாடு வந்த நாளிலிருந்து ஒரு டிரெய்லரிலும் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது என்று போலீஸார் கண்டிப்பாக நடக்கட்டும். அப்போது நாம் அவர்கள் பக்கம் நிற்போம்.

இரவு விளக்கு விஷயத்தில் இவ்வளவு யோசனை தேவையில்லை. நம் தகப்பனார் காலத்து மாட்டு வண்டிக்காரன் அச்சுக்கு அடியில் ஒரு ராந்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். எட்டு லட்சம் ரூபாய் டிராக்டர் வைத்திருப்பவர் சில நூறு ரூபாய்ச் சிவப்பு ஒட்டுத் தகட்டை டிரெய்லரில் ஒட்ட மாட்டேன் என்பது வறுமை அல்ல, அலட்சியம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் 38ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் கார்கள் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகலாம் என்று 2018ஆம் வருஷத்து அறிவிப்பு அனுமதித்தது. பாரம் ஏற்றிய டிராக்டர் 25இல் போகிறது. வித்தியாசம் 75, அதாவது ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 21 மீட்டர். தாழ்த்திய விளக்கில் 60 மீட்டர் தூரத்தில் டிரெய்லர் கண்ணுக்குப் பட்டால் கார் ஓட்டுகிறவனுக்கு மூன்று வினாடிகூட இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் சர்வகலாசாலையார் 1960களின் ஆரம்பத்தில், மெதுவாய்ச் செல்லும் வண்டிகளின் பின்புறம் மாட்டுவதற்கென்று சிவப்பு விளிம்பு கொண்ட ஆரஞ்சு நிற முக்கோணம் ஒன்றை வகுத்தார்கள். பகலிலும் இரவிலும் தூரத்திலிருந்தே அது தெரியும். பல தேசங்கள் அதைக் கைக்கொண்டன. நம்மால் ஏன் முடியாது?

அதே நெடுஞ்சாலையில் டிராக்டர்கள் எதிர்த் திசையில் வருவது மற்றொரு கண்கூடு. இதற்கு ஓட்டுகிறவனை மட்டும் வையக் கூடாது. ஊரை இரண்டாகப் பிளந்து நாலு வழிப் பாதை போட்டவர்கள், காட்டுக்குப் போகிற சம்சாரி குறுக்கே கடக்க வெகு தூரத்தில் ஒரு திறப்பு வைத்தார்கள். போகவும் வரவும் டீசல் எரிப்பதற்குப் பதில் அவன் ஓரமாய் எதிரே வருகிறான். சுங்கம் வசூலிக்கிறவர்கள் ஊர்களை ஒட்டி இரு புறமும் ஓரச் சாலை போட்டுக் கொடுப்பது அவர்கள் கடமை.

கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூட்டுச் சக்கரத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. கண்மாய்ப் பாசன நஞ்சையில் தொளி உழுவதற்கு அது வேண்டும். அதைக் கழற்றாமலே ஊர்த் தார் ரஸ்தாவில் ஓட்டி, பல வருஷம் மனுப் போட்டுப் பெற்ற ரஸ்தாவை ஒரே போகத்தில் கொத்திப் போடுவது ஊருக்கே செய்யும் துரோகம். கழற்ற அரை மணி நேரம் ஆகும். கழற்றட்டும், அல்லது டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போகட்டும்.

பதினைந்து வயதுப் பையன்கள் ஓட்டுவதைப் பற்றி ஊரில் பெருமையாகவே பேசுகிறார்கள். பிரிட்டனில் குறிப்பிட்ட அகலத்துக்கு உட்பட்ட டிராக்டரை 16 வயதில் ரஸ்தாவில் ஓட்டலாம் என்பது உண்மை. அங்கே அதற்கும் பரீட்சை உண்டு. இங்கே 18 ஆக வேண்டும். 2019இல் திருத்திய சட்டப்படி பையன் செய்த குற்றத்துக்குத் தகப்பனாரும் வண்டிச் சொந்தக்காரரும் மூன்று வருஷம் வரை சிறை செல்லலாம். 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் ரிஜிஸ்திரேஷன் பன்னிரண்டு மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. இதை ஒரு கிராமத்துத் தகப்பனாருக்காவது எந்த அதிகாரியாவது தமிழில் எடுத்துச் சொன்னதுண்டா?

இனி, யார் செய்வது என்ற கேள்வி. அமெரிக்காவின் பல மாகாணங்களில், பண்ணைக்கும் காட்டுக்குமாகச் செய்யப்பட்ட சிறு வண்டிகள் பொது வீதியில் எந்த எந்த வீதிகளில், எந்த நேரத்தில், என்ன வேகத்தில் போகலாம் என்பதை அந்தந்த ஜில்லா சபையும் நகர சபையுமே சட்டமியற்றித் தீர்மானிக்கின்றன. ஊருக்கு ஊர் விதி வேறுபடுவதால் குழப்பம் உண்டு என்று குறை கூறுகிறவர்களும் அங்கே உண்டு. ஆயினும் தன் வீதியைப் பற்றித் தானே முடிவு செய்கிறவன் அந்த முடிவுக்குக் கட்டுப்படுகிறான். நம் தேசத்தில் இதற்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, ஜனங்களின் பாதுகாப்பையும் ரஸ்தாவின் தன்மையையும் உத்தேசித்து, குறிப்பிட்ட ரஸ்தாவில் அல்லது பிரதேசத்தில் குறிப்பிட்ட ரக வண்டிகளையும், டிரெய்லர் உபயோகத்தையும் தடுக்கவோ நிபந்தனைக்கு உட்படுத்தவோ மாகாண சர்க்காருக்கும், அது அதிகாரம் அளிக்கும் அதிகாரிக்கும் இடம் கொடுக்கிறது. டிரெய்லர் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு உட்பட்ட தடையானால் கெஜட்டில்கூடப் போட வேண்டாம். உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். மழை விழுந்த முதல் வாரத்தில் உழவு டிராக்டர்களுக்கு இரவும் பகலும் தாராளம்; மற்றக் காலங்களில் விளக்கும் சில்லும் இல்லாத டிரெய்லருக்கு அஸ்தமனத்துக்குப் பின் பெரிய ரஸ்தாவில் இடமில்லை; பள்ளிக்கூடம் விடும் வேளையில் மண் வண்டிகள் ஊருக்குள் வரக் கூடாது. இப்படி இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்த விதி செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அதிகாரம் காகிதத்தில் உறங்குகிறது.

2022இல் இந்தியா முழுவதும் ரஸ்தா விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்று டில்லி சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105. மாண்டவர்கள் 17,884. இவற்றுள் கரிசல் காட்டு டிரெய்லருக்குப் பின்னால் மோதி விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் தனியே பிரித்துச் சொல்வதில்லை.

மிளகாய்ப் பழம் பறிப்பு மாசியில் மும்முரமாகிவிடும். அதற்கு முன்னே ஜனவரி 26இல் எல்லாக் கிராமங்களிலும் கிராம சபை கூடுகிறது. நமது நேயர்களில் கிராமங்களில் பொதுப்பணி செய்கிறவர்கள் அநேகர். அவர்கள் அந்தச் சபையில் தலைவர் வாழ்த்துரை முடிந்ததும் எழுந்து, ஊரில் டிராக்டர் எத்தனை, டிரெய்லர் எத்தனை, எத்தனைக்குப் பின் விளக்கு இருக்கிறது, எத்தனைக்குப் பாலிசி இருக்கிறது, காலையில் எத்தனை பெண்கள் எத்தனை மணிக்கு எந்த ஊர்க் காட்டுக்குப் போகிறார்கள் என்ற கணக்கை எழுதித் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு பிரதி தாசில்தாருக்கும் ஒரு பிரதி கலெக்டருக்கும் ஒரு பிரதி போக்குவரத்துக் கழகத்தாருக்கும் அனுப்பட்டும். நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால் ஊர்ப் பெயருடன் பிரசுரிப்போம். பதில் வந்த தேதியையும், வராவிட்டால் அதையும் சேர்த்தே.